பாடகரோடு நட்பாகும் ஆசையா? இந்தப் பிழைகளை மட்டும் செய்யாதீர்கள்

சென்னையிலிருந்து ஒரு பாடகர் கொழும்புக்கு வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டிய அன்றே வெள்ளவத்தையில் நாலு பேராவது ஒரே கனவைக் காணத் தொடங்கிவிடுவார்கள். நிகழ்ச்சி முடிய அவர் நம்மோடு காலி முகத்திடலுக்கு வருவார், இறால் வடை சாப்பிடுவார், போகும்போது நம்பரும் தருவார். இந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. ஒரு குரல் வருஷக்கணக்காகக் காதுக்குள்ளேயே இருந்தால், அதற்குரியவர் நம் வீட்டு ஆள் என்றுதான் மனசு எடுத்துக்கொள்ளும்.

மேடைக்குப் பின்னால் வேலை செய்கிற எங்களுக்கு வருத்தம் வேறு. நாங்கள் அந்த வயதில் விட்ட அதே பிழைகளைப் புதிதாக வருகிற பிள்ளைகளும் விடுகிறார்கள். அமையக்கூடிய அறிமுகமும் கெட்டுப்போகிறது. மேடையில் ஏறிக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் விடுகிற பிழைகளைப் பார்ப்போம்.

பெயர் சொல்லிக் கத்துவது

அவருக்குக் கேட்காது. காதுக்குள் மொனிட்டர் என்கிற சின்ன ஒலிக்கருவி இருக்கிறது. அதில் வருவது அவருடைய குரல், வாத்தியங்கள், தாளத்துக்கான 'டிக் டிக்' சத்தம், அவ்வளவுதான். நெலும் பொக்குண அரங்கில் 1,288 ஆசனங்கள். முகத்தில் விளக்கு அடிக்கும்போது முன்வரிசைகளுக்கு அப்பால் எல்லாமே அவருக்கு இருட்டு. முன்னால் இடம் கிடைத்தால் ஏ3 மட்டையில் தடித்த கறுப்பு மார்க்கரால் நாலு சொல் எழுதி, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஐந்து விநாடி தூக்கிப் பிடியுங்கள். இந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று எழுத வேண்டாம். வரிசையும் சுருதியும் ஒத்திகையிலேயே முடிவாகிவிடும்.

காசு கொடுத்து நட்பு வாங்கப் பார்ப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

பாடகரின் உண்மையான பக்கத்தில் நீங்கள் ஒரு கொமெண்ட் போடுவீர்கள். கொஞ்ச நேரத்தில் அதே படம் போட்ட வேறொரு கணக்கிலிருந்து செய்தி வரும்: "உங்கள் அன்பு மனசைத் தொட்டது. இது என் தனிப்பட்ட கணக்கு, மனேஜருக்குத் தெரிய வேண்டாம்." பிறகு வட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ கூப்பிடுவார்கள். இரண்டு மூன்று கிழமைக்குக் காசுப் பேச்சே இருக்காது. "சாப்பிட்டீங்களா", "வேலை முடிஞ்சுதா" என்று விசாரிப்பு மட்டும். உங்களைப் பிடிக்கிற தூண்டில் இந்த விசாரிப்புத்தான். அதன் பிறகுதான் அவரைச் சந்திக்கலாம் என்று சொல்லி விற்கிற 'ரசிகர் அட்டை' வரும், முதலில் சின்னத் தொகையாக. அடுத்து பாதுகாப்புக் கட்டணம், அதற்கடுத்து காப்புறுதி. ஒருமுறை கட்டியவர் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் கட்டிய காசு போனது மட்டுமல்ல, அந்த நட்பே பொய் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுகததாச உள்ளரங்கின் வாசலில் ஒரு தங்கச்சி அப்படியொரு அட்டையோடு நின்றாள். லேமினேட் பண்ணிய அட்டை. பாடகரின் படத்தை ஏதோ விளம்பரத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். தோளுக்குப் பக்கத்தில் பாதி எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கையெழுத்தும் அச்சு மையிலேயே இருந்தது. முத்திரையில் 'கொலும்பு' என்று போட்டிருந்தது. அந்த ஒரு எழுத்துப் பிழையைக் கண்டிருந்தாலே போதும். மூன்று தவணையில் 42,000 ரூபா கொடுத்திருந்தாள். அவளை முட்டாள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஏமாற்றியவன் அவளுடைய அன்பை அளந்து பார்த்து விலை வைத்திருக்கிறான்.

சரிபார்க்கும் விதம் இது. இன்ஸ்டகிராமில் அந்தக் கணக்கின் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, கணக்கைப் பற்றிய விவரத்தைத் திறவுங்கள். எப்போது தொடங்கிய கணக்கு, முன்பு பெயர் மாற்றியதா என்பது தெரியும். பத்து வருஷமாகப் பாடுகிறவருக்குப் போன மாதம் பிறந்த கணக்கு எதற்கு? பெயரில் மேலதிகமாக ஒரு அடிக்கோடோ புள்ளியோ இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். குரல் பதிவு வந்தது என்று நம்ப வேண்டாம், இப்போது செயற்கை நுண்ணறிவால் யாருடைய குரலையும் செய்துவிடலாம். காசு கேட்கும் வங்கிக் கணக்கு யாரோ ஒரு தனியாளின் பெயரில் இருந்தால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள். ரசிகர் சந்திப்பு உண்மையிலேயே இருந்தால் அதற்கான டிக்கெட், நிகழ்ச்சி டிக்கெட் விற்கும் இடத்திலேயே இருக்கும். சுவரொட்டியில் உள்ள ஏற்பாட்டாளரின் நம்பருக்கு எடுத்துக் கேளுங்கள்.

காசு அனுப்பியாயிற்றா? உடனே வங்கிக்கு அழையுங்கள். செஃப்ட்ஸ் என்கிற உடனடி வங்கிப் பணமாற்று முறையில் அனுப்பிய காசு சில விநாடியிலேயே மற்றக் கணக்குக்குப் போய்விடும், நாளைக்குப் பார்ப்போம் என்றிருந்தால் அங்கே ஒரு சதமும் மிஞ்சாது. உரையாடலை அழிக்காதீர்கள், கணக்குப் பெயர், நம்பர், திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைப் பார்க்கிற இலங்கை செர்ட் நிறுவனத்தின் 101க்கும் அழைக்கலாம். 2007ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. இன்னொன்று: "போன காசை மீட்டுத் தருகிறேன், சின்னக் கட்டணம்தான்" என்று பிறகு ஒருவர் வருவார். அவரும் அதே கூட்டம்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் காத்திருப்பது

வேண்டாம். பயணக் களைப்பில் இருப்பவருக்கு யார் முகமும் நினைவில் நிற்காது.

வீட்டுச் சாப்பாடு

அம்மாவின் வட்டிலப்பம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் மேடையேற முன் பாடகர் தொட மாட்டார். அது தொண்டைக்கான கவனம். சிங்க இலச்சினை போட்ட 100 கிராம் தேயிலைப் பெட்டி, முத்திரை உடைக்காமல், மேலே சின்னக் கடிதம். அது ஊர்வரை போகும்.

முதல் செய்தியிலேயே உயிரைக் கொட்டுவது

நாற்பது வரி எழுதினால் யாரும் வாசிப்பதில்லை. 'இரண்டாவது சரணத்தில் மூச்சு விடாமல் இழுத்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கொழும்பில் நேரில் கேட்க வருகிறேன்.' இது போதும். பதில் வராவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள். அடுத்த பாட்டு வந்த பிறகு அடுத்த செய்தி.

வாத்தியக்காரரைக் காணாததுபோல் கடந்து போவது

வெளியூர்ப் பாடகர்களோடு பல நேரம் கொழும்புக் கலைஞர்களும் வாசிக்கிறார்கள். கீபோர்ட் வாசிக்கிற அண்ணா கொட்டாஞ்சேனையில் இருப்பார், ரிதம் பேட் வாசிப்பவர் தெஹிவளையில். அவர்கள் வாசிக்கிற சின்ன நிகழ்ச்சிக்கும் போங்கள். நம்முடைய சொந்தப் பொப் பாடகர்களையும் அங்கேதான் காண்பீர்கள். நூறு பேர் வருகிற மண்டபத்தில், கதிரைகள் காலியாக இருக்கும்போதே போய் இருக்கிறவரை அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். உண்மையில் நட்பு என்று வளர்ந்ததை நாங்கள் கண்டது அநேகமாக இந்த வழியில்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் வான் கதவடியில் நெருக்காதீர்கள். வயர் சுற்றிப் பெட்டியில் வைக்கும்வரை பொறுத்திருங்கள். பாடகர் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வெளியே வருவார். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, உங்கள் பெயரையும் பிடித்த இடத்தையும் சொல்லி, "போயிட்டு வாங்கோ" என்று வழி விடுங்கள்.