ஜிஆர்இ ஸ்கோர் கம்மியா? பிஎச்டி அப்ளிகேஷன இப்படி போடுங்க

ஜிஆர்இங்கறது அமெரிக்கா மாதிரி நாட்டுல மேல்படிப்புக்கு அப்ளை பண்ண எழுதற பரீட்சை. எனக்கு அதுல வெர்பல் (இங்கிலீஷ் பகுதி) 146, குவாண்ட் (கணக்கு பகுதி) 155. இத வச்சு தான் அமெரிக்கால என்விரான்மென்டல் இன்ஜினியரிங் பிஎச்டி சீட் ஃபண்டிங்கோட கெடச்சுது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் நல்லா ரிசர்ச் பண்ற பசங்க ஸ்கோர பாத்துட்டு அப்ளையே பண்ணாம விட்றாங்க, அது மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதான் எழுதுறேன். பாஸ்போர்ட், மார்க்‌ஷீட்லாம் நீங்களே பாத்துப்பீங்க.

முதல்ல ஒரு கூகுள் ஷீட் போடுங்க. காலேஜ் பேர வச்சு இல்ல, டிபார்ட்மென்ட் பேர வச்சு. எல்லாரும் மாட்டிக்கிற எடம் இது தான், ஏன்னா ஒரே யுனிவர்சிட்டில டிபார்ட்மென்டுக்கு ஒரு ரூல் இருக்கும். எம்ஐடில எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிஎச்டிக்கு ஜிஆர்இ தேவையில்ல, அங்கயே ஸ்லோன் பிசினஸ் ஸ்கூல் பிஎச்டிக்கு ஜிஆர்இ இல்லன்னா ஜிமேட் (பிசினஸ் படிப்புக்கு எழுதற பரீட்சை) வேணும். ஷீட்ல மூணு வகையா பிரிங்க: கண்டிப்பா வேணும், இஷ்டம் இருந்தா குடு, குடுத்தாலும் பாக்க மாட்டோம். மூணாவது வகைய மேல கொண்டு வாங்க. ரெண்டாவது வகைக்கு ஸ்கோர் அனுப்பாதீங்க, ஃபார்ம்ல அந்த கட்டத்த காலியாவே விடுங்க. மெயின் அட்மிஷன் பேஜ் ஒண்ணு சொல்லி டிபார்ட்மென்ட் பேஜ் வேற சொன்னா கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு (டிபார்ட்மென்ட்ல அட்மிஷன் வேலைய பாக்கறவரு) ரெண்டு வரி மெயில் போட்டு பதில பத்திரமா வச்சுக்கோங்க. கன்சல்டன்சி குடுக்கற லிஸ்டுக்கு காசு குடுக்காதீங்க, ரூல் வருஷா வருஷம் மாறுது, நீங்களே பாக்கறது தான் நம்பகம்.

திரும்ப எழுதலாமான்னா, குவாண்ட் கம்மியா இருந்து நீங்க ஆசப்படற டிபார்ட்மென்ட் ஜிஆர்இ கட்டாயம்னு சொன்னா மட்டும் எழுதுங்க. 21 நாள் கழிச்சு எழுதலாம், எந்த தேதி ஸ்கோர அனுப்பறதுன்னு நீங்களே செலக்ட் பண்ணலாம், ஆனா ஒரு தேதி வெர்பலையும் இன்னொரு தேதி குவாண்டையும் சேத்து அனுப்ப முடியாது.

அடுத்து எஸ்ஓபி, அதாவது என்ன செஞ்சீங்க, ஏன் இந்த படிப்புன்னு அப்ளிகேஷனோட எழுதி குடுக்கற கட்டுரை. ஸ்கோர் ஏன் கம்மின்னு ஒரு வரி கூட எழுதாதீங்க. நான் எண்ணூர் கழிமுகத்துல மீனவர் அண்ணன் ஒருத்தர் போட்ல போய் சேறு சாம்பிள் எடுத்தது, சாம்பல் படிஞ்ச எடத்துல எந்த மெட்டல் ஜாஸ்தி இருந்துச்சு, எந்த ரிசல்ட் நான் நெனச்சதுக்கு மாறா வந்துச்சு, அடுத்து என்ன கேள்வி கேக்கணும், இத தான் ரெண்டு பக்கம் எழுதுனேன். நீங்க கையால செஞ்ச வேலைய அப்படி எழுதுங்க. புரொஃபசருக்கு மெயில் போடும்போதும் அவரோட சமீபத்து பேப்பர படிச்சுட்டு அதுல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஸ்கோர் பேச்சே வேணாம்.

அப்டேட்: ரெக்கமெண்டேஷன் லெட்டர் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. நம்ம பக்கத்து சாருங்க, மேடம்லாம் ஜிமெயில் தான் யூஸ் பண்றாங்க, சில போர்டல் காலேஜ் மெயில் ஐடி தான் கேக்குது. ஐடி இல்லன்னா காலேஜ் வெப்சைட்ல அவங்க பேரோட அந்த ஜிமெயில் இருக்கற பேஜ் லிங்க அட்மிஷன் ஆபீசுக்கு அனுப்பி முன்னாடியே கேட்டுடுங்க. லெட்டர் அப்லோட் பண்ண சொல்லி யுனிவர்சிட்டி சாருக்கு அனுப்பற லிங்க் சில நேரம் ஸ்பேம்ல விழும், அதனால சார் கிட்ட நேர்ல போய் பக்கத்துல உக்காந்து தேடி எடுத்து குடுங்க. டெட்லைன் நெறைய எடத்துல டிசம்பர்லயே வந்துடும், அக்டோபர்லயே கேட்டு வைங்க.

இன்னொண்ணு, டோஃபல், ஐஈஎல்டிஎஸ்னு இருக்கற இங்கிலீஷ் பரீட்சை கட்ஆஃப ஜிஆர்இ மாதிரி நெனைக்காதீங்க. மினிமம் போட்டிருந்தா அந்த மார்க்காவது எடுத்தே ஆகணும், டீச்சிங் அசிஸ்டன்ட் வேலைக்கு ஸ்பீக்கிங் மார்க் தனியா பாப்பாங்க. கையில காசு ஒரு பரீட்சைக்கு தான் இருக்குன்னா அத இதுல போடுங்க.