பழைய மடிக்கணினிக்கு டிவிடி ரைட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மடிக்கணினியின் டிவிடி ரைட்டர் வட்டுகளைப் படிக்க மறுக்கத் தொடங்கியதுமே ‘டிரைவ் போய்விட்டது’ என்று முடிவுகட்டி, உள்ளே பொருத்துவதை வாங்குவதா வெளியே இணைப்பதை வாங்குவதா என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிடுவதே பலரும் செய்யும் முதல் தவறு. டிரைவ் உண்மையிலேயே பழுதாகிவிட்டதா என்று அறிய அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாதவர்கள்தாம் தேவையில்லாத ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு விழிக்கிறார்கள்.

கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸின் திரையில் டிரைவின் பெயர் தெரிகிறது, ஆனால் விண்டோசுக்குள் நுழைந்தால் டிரைவையே காணவில்லை, கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி மட்டும் நிற்கிறது என்றால், குற்றம் பெரும்பாலும் டிரைவின் மேல் இல்லை. எப்போதோ நிறுவிப் பிறகு நீக்கிய வட்டு எழுதும் மென்பொருள் ஒன்று, விண்டோசின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுச்சென்ற ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்னும் பதிவுகள் இப்படி டிரைவை முடக்கிவிடுவதுண்டு. ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, சிடி, டிவிடி டிரைவ்களுக்கான பிரிவில் உள்ள அவ்விரு பதிவுகளை மட்டும் நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினால் டிரைவ் திரும்பி வந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் தொல்லை வேறு விதமாக வரும்: ஐடிஇ என்னும் பழைய வகை இணைப்புள்ள டிரைவில் அடுத்தடுத்துப் பிழைகள் நேர்ந்தால் அது தகவலை வேகமாகக் கடத்தும் டிஎம்ஏ முறையைக் கைவிட்டு, வேகம் குறைந்த பிஐஓ முறைக்குத் தானாக இறங்கிவிடும், அதன்பின் எழுதும் வேலை ஆமை வேகத்தில் நகரும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி இயக்கினாலே இது சரியாகும், புது டிரைவ் வேண்டியதில்லை.

ஆனால் சிடிக்களைக் குறையின்றிப் படிக்கும் டிரைவ், நல்ல டிவிடிக்களைக்கூட அடையாளம் காணவில்லையென்றால், அது முதுமையின் அறிகுறிதான். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று இரண்டுக்கும் வெவ்வேறு அலைநீளமுள்ள லேசர் ஒளி பயன்படுவதால், ஒன்று தளர்ந்த பிறகும் மற்றொன்று வேலை செய்துகொண்டிருக்கும். தட்டை வெளியே இழுத்து, லென்சை மெல்லிய பஞ்சால் ஒருமுறை துடைத்துப் பார்த்தும் பயனில்லையென்றால் மாற்று டிரைவைத் தேடலாம். இன்னும் சிலருடைய கணினியில் டிரைவ் பழுதே ஆகியிருக்காது. அது டிவிடி எழுதும் டிரைவாக என்றுமே இருந்ததில்லை. 2000களின் முற்பகுதியில் வந்த பல மடிக்கணினிகளில் ‘காம்போ’ டிரைவ் இருந்தது. அது டிவிடியைப் படிக்கும், சிடியில் மட்டுமே எழுதும். முகப்பில் டிவிடி என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு வெற்று டிவிடியைப் போட்டால், எத்தனை முறை போட்டாலும் அதில் எழுத முடியாது.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவான பிறகு, பெரும்பாலோருக்கு வெளியே இணைக்கும் ரைட்டரையே பரிந்துரைப்பேன். உள்ளே பொருத்துவது தோற்றத்தில் நேர்த்தியானது, பையில் தனியாக ஒரு பொருளைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அது அந்த ஒரு கணினியோடு கட்டுண்டது, வாங்குவதற்கு முன் ஒத்துப்பார்க்க வேண்டியவையும் அதிகம். அந்த ஒத்துப்பார்த்தலைக் கடையின் பட்டியலிலிருந்து தொடங்காமல் கையிலிருக்கும் மடிக்கணினியிலிருந்து தொடங்க வேண்டும்.

மடிக்கணினியின் மாடல் பெயரை மட்டும் சொல்லி டிரைவ் கேட்பது போதாது. ஒரே மாடல் பெயரில் வந்த கணினிகளிலும் வெவ்வேறு நிறுவனங்களின் டிரைவ்கள் இருக்கக்கூடும். டிவைஸ் மேனேஜரில் டிரைவைத் தயாரித்தவரின் பெயரே தெரியும்: ‘எச்எல்-டிடி-எஸ்டி’ என்றிருந்தால் ஹிட்டாச்சி-எல்ஜி, ‘டிஎஸ்எஸ்டிகார்ப்’ என்றால் தோஷிபா-சாம்சங், ‘மட்சிட்டா’ என்றால் பானசோனிக். அதைத் தொடர்ந்து வரும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுதான் தேடுவதற்கு உதவும். அதைவிட உறுதியான வழி, டிரைவையே கழற்றிப் பார்ப்பது. கணினியை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைத் திருப்பினால், பல மடிக்கணினிகளில் சிறிய வட்டுப் படத்துக்கு அருகில் ஒற்றைத் திருகு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு டிரைவின் முகப்பைப் பிடித்து மெதுவாக இழுத்தால், மேசை இழுப்பறைபோல மொத்த டிரைவும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அப்படி ஒற்றைத் திருகு இல்லாமல், விசைப்பலகை, மேல்மூடி எல்லாவற்றையும் பிரித்தால்தான் டிரைவை எட்ட முடியும் என்ற அமைப்பு இருந்தால், அந்த இடத்திலேயே உள்ளே பொருத்தும் எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. பத்துப் பதினைந்து வயதான பிளாஸ்டிக் கொக்கிகள் ஒருமுறை திறந்தால் மறுமுறை பூட்டாமல் உடைவது வாடிக்கை.

வெளியே வந்த டிரைவில் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, பின்பக்க இணைப்பு முனை. நுண்ணிய முனைகள் நெருக்கமாக அமைந்த, 50 முனைகள் கொண்ட அகலமான ஒற்றை இணைப்பாக இருந்தால் அது ஐடிஇ. தகவலுக்கு 7 முனைகள், மின்சாரத்துக்கு 6 முனைகள் என்று இரண்டு துண்டாக இருந்தால் அது, ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா இணைப்பின் மெலிவகை. மேசைக் கணினியின் சாட்டாவில் மின்சாரப் பகுதி 15 முனைகள் கொண்டது என்பதால், ‘சாட்டாதானே’ என்று இரண்டையும் ஒன்றாக எண்ணுவதும் தவறு. ஐடிஇ குழியில் சாட்டா டிரைவைப் பொருத்த, இடையில் மாற்றி ஒன்றை வைப்பதற்கு அந்தக் குழியில் இடமே இருக்காது. இரண்டாவது, உலோக உடலின் தடிமன். அது பெரும்பாலும் 12.7 மில்லிமீட்டர் அல்லது 9.5 மில்லிமீட்டர், பிற்காலத்தில் 9 மில்லிமீட்டர் டிரைவ்களும் வந்தன. நானும் ஒருமுறை கண்ணளவை நம்பி 12.7 மில்லிமீட்டர் டிரைவை வாங்கிவந்து, 9.5 மில்லிமீட்டர் வாயில் நுழைக்கப் பார்த்தவன்தான். அரை சென்டிமீட்டர்கூட இல்லாத அந்த வித்தியாசம் நூறு ரகமாகத் திருப்பினாலும் குறையவில்லை. மெலிந்ததைத் தடித்த குழியில் வைத்து, ஆட்டத்தைத் தடுக்க ஏதாவது கொடுத்துச் சமாளிக்கலாம்; தடித்ததை மெலிந்த குழியில் வைக்க வழியே இல்லை.

இரண்டும் பொருந்திய பிறகும், பழைய டிரைவைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். புது டிரைவுடன் வரும் முகப்புப் பட்டை பொதுவானதாக இருக்கும். மடிக்கணினியின் விளிம்பு வளைவுக்கு ஏற்ற பட்டை பழைய டிரைவில்தான் இருக்கிறது. முன்பக்கச் சிறு துளையில் நிமிர்த்திய காகித ஊக்கை விட்டு அழுத்தினால் தட்டு திறக்கும், பிறகு கொக்கிகளை நெம்பிப் பட்டையைக் கழற்றிப் புதியதில் மாட்டலாம். டிரைவின் பின்மூலையில் இரண்டு பொடித் திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும் உலோகத் துண்டையும் மாற்றிப் பொருத்தாவிட்டால், அடிப்பக்கத் திருகுக்குப் பிடிமானம் இராது. வட்டைப் போடத் தட்டை அழுத்தும்போதெல்லாம் டிரைவ் முன்னும் பின்னும் நகரும். ஐடிஇ டிரைவ் என்றால் இன்னொரு கண்ணி உண்டு. ஒரே சேனலில் உள்ள இரண்டில் முதன்மை எது, துணை எது என்று குறிக்கும் மாஸ்டர், ஸ்லேவ் அமைப்பு மெலிவகை டிரைவ்களில் பலவற்றில் அவற்றின் உள்நிரலான ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும்; ஹார்ட் டிஸ்க்கும் டிரைவும் ஒரே சேனலைப் பகிரும் கணினியில் இந்த அமைப்பு முரண்பட்டால், கச்சிதமாகப் பொருந்திய டிரைவைக்கூட பயாஸ் கண்டுகொள்ளாது. இப்போது கிடைக்கும் ஐடிஇ டிரைவ்கள் பெரும்பாலும் வேறு கணினிகளிலிருந்து கழற்றியவையாகவோ நெடுநாள் தேங்கிய சரக்காகவோ இருப்பதையும் சேர்த்து எண்ணினால், ஐடிஇ காலத்துக் கணினிக்கு உள்ளே பொருத்துவதை நான் ஏன் ஊக்குவிப்பதில்லை என்பது விளங்கும்.

வெளியே இணைக்கும் ரைட்டரில் தவறுகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒரு தவறு மற்ற எல்லாவற்றையும் விட மோசமானது. அது மின்சாரத்தைப் பற்றி எண்ணாமல் இருப்பது. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொள்ளும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3.0 தருவது 900 மில்லிஆம்பியர். வட்டைச் சுழலவைக்கும் கணத்திலும் எழுதும்போதும் மெலிவகை ரைட்டர் ஒன்று 1 ஆம்பியருக்கும் மேல் கேட்கக்கூடும். அதன் அடிப்பக்கச் சீட்டில் 5 வோல்ட்டுக்கு எதிரே எழுதியிருக்கும் எண்ணைப் படித்தாலே இது தெரிந்துவிடும். பழைய போர்ட் ஈடுகொடுக்க முடியாதபோது கேட்கும் ஒலி தனியானது: வட்டு சுழலத் தொடங்கும், ‘டிக்’ என்று ஒரு சத்தம், சுழற்சி அடங்கும், கருவி துண்டிக்கப்பட்டதற்கான ஒலியை விண்டோஸ் எழுப்பும், மறுபடி முதலிலிருந்து சுழலும். இதைவிடக் கொடுமை, படிக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, எழுதி முடிக்கும் தறுவாயில் துண்டிக்கப்பட்டு வட்டை வீணாக்குவது. ஆகவே இரண்டு யுஎஸ்பி முனைகள் கொண்ட ஒய் வடிவக் கேபிளுடனோ, 5 வோல்ட் அடாப்டர் செருகுவதற்கான துளையுடனோ வரும் ரைட்டரையே பழைய மடிக்கணினிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனி மின்சாரம் இல்லாத யுஎஸ்பி ஹப் வழியாக ரைட்டரை இணைப்பதும், நீளம் போதவில்லையென்று மெல்லிய நீட்டிப்புக் கேபிள் சேர்ப்பதும் இருக்கிற மின்சாரத்தையும் குறைக்கவே செய்யும். டைப்-சி முனை மட்டுமே கொண்ட ரைட்டரை வாங்கிவிட்டு மாற்றி தேடி அலைவதும் இன்று பெருகிவிட்டது.

யுஎஸ்பி 3.0 ரைட்டர் என்றால் வேகமாக எழுதும் என்று நம்பி வாங்குவதில் பயனில்லை. டிவிடியின் 1 எக்ஸ் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைட், மெலிவகை ரைட்டர்கள் பொதுவாக எட்டும் 8 எக்ஸ் வேகத்துக்கு நொடிக்கு 11 மெகாபைட்தான் தேவை, யுஎஸ்பி 2.0 நடைமுறையில் நொடிக்கு 30 மெகாபைட் வரை தந்துவிடும். சிக்கல் அதற்கும் முந்தைய கணினிகளில்தான். யுஎஸ்பி 1.1 போர்ட்டின் உச்ச வேகமே நொடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட், கையில் கிடைப்பது அதனினும் குறைவு என்பதால், அதன் வழியாக டிவிடியை 1 எக்ஸ் வேகத்தில்கூடத் தடையின்றி எழுத முடியாது. அத்தகைய கணினியில் கூடுதல் அட்டைகளைச் செருகும் கார்டுபஸ் வாய் இருந்தால், யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் அட்டையைச் செருகலாம். அந்த அட்டைகள் தரும் மின்சாரம் சொற்பம், அதனால் ரைட்டருக்கு அடாப்டர் கட்டாயம்.

ரைட்டரை வாங்குவது இயங்குதளத்தை மறுபடி நிறுவுவதற்காக என்றால், பணம் கொடுப்பதற்கு முன் பயாஸில், கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசையைத் திறந்து, யுஎஸ்பி சிடி டிரைவ் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால், வட்டிலிருந்து நிறுவ அந்தக் கணினிக்குப் பெரும்பாலும் உள்ளே பொருத்தும் டிரைவே வழி. நான் மேலே சொன்ன பரிந்துரைக்கு இது ஒரு முக்கியமான விலக்கு.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று புளூரே ரைட்டர் வாங்குவோரும் உண்டு. கோப்புகளை 25 அல்லது 50 ஜிபி வட்டுகளில் சேமிக்க அது உதவும். ஆனால் புளூரே திரைப்படத்தை இயக்கத் தனி மென்பொருளும், ஈடுகொடுக்கும் செயலியும், நகல் தடுப்பு முறைகளை ஏற்கும் கிராபிக்ஸ் அமைப்பும் வேண்டும், பழைய மடிக்கணினியில் இவை மூன்றும் சேர்ந்து அமைவது அரிது. டிவிடிக்கும் இதுபோன்ற எதிர்பார்ப்புப் பிழைகள் உண்டு. எக்ஸ்பி தன்னளவில் சிடி மட்டுமே எழுதும், டிவிடிக்குத் தனி மென்பொருள் வேண்டும். விண்டோஸ் 8 முதல் டிவிடி படங்களை இயக்கும் வசதி உடன் வருவதில்லை. திரைப்பட வட்டு ஒன்றை இயக்குவதற்காக எந்த நாட்டு வட்டுகளை இயக்கலாம் என்று வரையறுக்கும் டிரைவின் மண்டலக் குறியீட்டை மாற்றச் சொன்னால் யோசித்தே மாற்ற வேண்டும். மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவது நிலைத்துவிடும்.

வாங்கிய பிறகு செய்யப்படும் தவறு, ஒரு சிறிய கோப்பை எழுதிப் பார்த்துவிட்டு, டிரைவ் நன்றாக இருக்கிறது என்று பெட்டியை எறிந்துவிடுவது. வட்டு உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. தளர்ந்த லேசரும் போதாத மின்சாரமும் வேகம் கூடும் வெளிப்பகுதியில்தான் பெரும்பாலும் வெளிப்படும். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், ஒரு டிவிடியை 4.3 ஜிபி அளவுக்கு நிரம்ப எழுதி, மென்பொருளில் ‘சரிபார்’ என்னும் தெரிவையும் இயக்கி, பேட்டரியில் ஒருமுறையும் சார்ஜரில் ஒருமுறையுமாகச் சோதிக்க வேண்டும். உச்ச வேகத்தில் பிழை வந்தால் 4 எக்ஸ் வேகத்தில் இன்னொரு வட்டை எழுதிப் பாருங்கள். அதிலும் பிழை வந்தால், வேறு நிறுவனத்தின் வட்டு ஒன்றில் முயலுங்கள். ஒவ்வொரு வகை வட்டுக்கும் லேசரை எப்படிச் செலுத்துவது என்ற குறிப்பு டிரைவின் ஃபர்ம்வேரில் இருக்கிறது, அந்தப் பட்டியலில் இல்லாத வட்டில் நல்ல டிரைவும் தடுமாறும். மூன்றிலும் தோற்றால் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.