கண்காட்சிக்குக் கிளிமூக்குச் சேவல்: பெட்டையிலிருந்து தொடங்குங்கள்

கிளி மூக்கு போல வளைந்த அலகும் நீண்ட வாலும் உள்ள கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்க்க ஆசைப்படுபவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "நல்ல சேவல் எங்கே கிடைக்கும்?" என்றுதான். என்னைக் கேட்டால், பணத்தைப் பெட்டையில் போடுங்கள் என்பேன். பெரிய விலைக்குச் சேவலை வாங்கி வந்து, கட்டுத்தரையில் மேய்கிற ஏதோ ஒரு பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுக்கு மூக்கும் வராது, வாலும் வராது.

1. பெட்டையைப் பார்ப்பது

பக்கவாட்டில் நின்று தலையைப் பாருங்கள். அலகு குட்டையாக, தடித்து, நெற்றியிலிருந்தே வளைந்து இறங்க வேண்டும். கொண்டை சிறிதாகத் தலையோடு படிந்திருக்கட்டும். விழி வெளுப்பாக இருந்தால் நல்லது. வால் நீளம் பெட்டையிடம் தெரியாது; அதன் அப்பனையும் கூடப்பிறந்த சேவல்களையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

2. ஜோடி சேர்ப்பது

ஒரு சேவலுக்கு மூன்று, நான்கு பெட்டை போதும். வேறு சேவலோடு இருந்த பெட்டை என்றால் மூன்று வாரம் தனியே விடுங்கள்; பழைய சேவலின் விந்து அதுவரை உள்ளே தங்கியிருக்கும். அந்த முட்டையெல்லாம் ஆம்லெட்டுக்கு. காகம், மயில், கீரி என எல்லா நிறத்தையும் முதல் வருடமே பிடிக்காமல், ஒரு நிறத்தில் நில்லுங்கள்.

3. அடை, குஞ்சு

ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டையாகச் சேர்த்து அடை வையுங்கள். 7ஆம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் கூமுட்டை தெரிந்துவிடும். 21 நாளில் பொரியும். வெள்ளைக்கழிசல் நோய் வராமல் தடுக்க ஒரு வாரக் குஞ்சுக்கு லசோட்டா சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் அதே நோய்க்குத் தடுப்பூசி. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பகலில் கொடாப்பில், அதாவது கவிழ்த்து வைக்கும் கூடையில், அடைத்தால் பருந்து, காக்கை பயமில்லை.

4. வால்

பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். சேவல் தலையெடுத்ததும் தனித்தனியே பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொத்திக்கொள்ளும். கூண்டு சிறிதாக இருந்தால் திரும்பும்போதெல்லாம் வால் கம்பியில் உரசி நுனி பிய்ந்துபோகும். நடுவில் ஒடிந்த இறகு அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியேதான் நிற்கும். புதிதாக முளைக்கும் இறகின் காம்பு நீலம் பாய்ந்து, மெத்தென்று இருக்கும். உள்ளே ரத்தம் ஓடுகிறது. அந்தச் சமயத்தில் வாலைப் பிடித்து உருவிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். உட்காரும் கட்டை, வால் தரை தொடாத உயரத்தில் இருக்கட்டும். கம்பு, சோளத்தோடு கொஞ்சம் கருவாட்டுத்தூளும் சேருங்கள். இறகு வளர்வதே புரதத்தில்தான்.

5. கண்காட்சி

திண்டுக்கல் பக்கம் நடக்கிற கண்காட்சிக்குப் போவதாக இருந்தால், முன்கூட்டியே தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள். மிரளும் சேவல் மேடையில் குறுகிப்போய் நிற்கும், கழுத்தும் உயரமும் நடுவர் கண்ணில் படாது. இரண்டு நாள் முன்பு குளிப்பாட்டி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கொண்டுபோகும் பெட்டி வால் மடங்காத நீளத்தில் இருக்க வேண்டும். பரிசு வந்தாலும் வராவிட்டாலும், திரும்பி வந்த சேவலை இரண்டு மூன்று வாரம் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். நாலு ஊர்ச் சேவல் கூடிய இடத்திலிருந்து வருகிறது.