பெர்லினில் சிக்கனமாகச் சாப்பிட

பெர்லினுக்குப் படிக்க வருபவர்களின் பணம் முதல் மாதங்களில் கரைவது, பசி வந்த பிறகு சாப்பாட்டைத் தேடுவதால்தான். வகுப்பு முடிந்து களைப்போடு திரும்பும்போது வழியில் ஆறேழு யூரோ கொடுத்து டோனர் என்னும் துருக்கிய இறைச்சி ரொட்டி வாங்குவது அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. மாதக் கடைசியில்தான் உறைக்கும்.

மதிய உணவுக்குப் பல்கலைக்கழக உணவகமான மென்சாவை நம்புங்கள். மாணவர் அட்டையைக் காட்டினால் மாணவர் விலை, இல்லையென்றால் வெளியாருக்கான கூடுதல் விலை என்பதால், அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

இரவு உணவுக்கு வீட்டில் சமைப்பதே வழி. ஆல்டி, லிடில் போன்ற மலிவுக் கடைகளில் விலைச்சீட்டின் பெரிய எண்ணைப் பார்க்காமல், அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும் விலையைப் பாருங்கள். பளபளப்பான சின்னப் பொட்டலத்துக்கும் கீழ்த்தட்டில் கிடக்கும் கடையின் சொந்தத் தயாரிப்புக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் வெளிப்படும்.

பருப்புக்கு ஊரிலிருந்து வரும் துவரம்பருப்பையே தேட வேண்டியதில்லை. துருக்கியர் கடைகளில் பெரிய பைகளில் கிடைக்கும் மைசூர்ப் பருப்பு, குக்கர் இல்லாமலேயே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். அதில் மஞ்சள் தூள், தக்காளி, புளி, சாம்பார் பொடி சேர்த்துத் தாளித்துவிட்டால் இரண்டு நாளுக்குக் கவலையில்லை. வெண்பொங்கலுக்கு, 'மில்ஷ்ரைஸ்' என்ற பெயரில் விற்கும் உருண்டை அரிசி அருமையாகக் குழையும். பாசிப்பருப்பு தீர்ந்த நாளில் மைசூர்ப் பருப்பைப் போட்டும் நான் பொங்கியிருக்கிறேன், நிறம் மாறியதே தவிர ருசியில் குறையில்லை. அதே கடைகளில் வாளியில் விற்கும் கெட்டித் தயிரையும், உப்புமாவுக்கு உதவும் புல்கர் கோதுமையையும் வாங்கிக்கொள்ளலாம். கறிவேப்பிலை, உளுந்து, பெருங்காயம் ஆகியவற்றுக்கு மட்டும் மாதம் ஒரு முறை ஈழத் தமிழர் கடைக்கோ இந்தியக் கடைக்கோ போனால் போதும்.

காய்கறிக்கு நொய்க்கோல்ன் பகுதியில் கால்வாயோரம் செவ்வாயும் வெள்ளியும் கூடும் மைபாக்உஃபர் (Maybachufer) சந்தைக்குக் கடை கட்டும் நேரத்தில் போங்கள். காலையில் கிலோ கணக்கில் விற்ற கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் அப்போது கூறுகட்டிக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு அடிபட்டிருந்தாலும் அன்றிரவே குழம்பு வைப்பவருக்கு அது குறையல்ல.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். அன்று திறந்திருக்கும் ஸ்பேட்டி எனப்படும் பெட்டிக்கடைகளில் எல்லாமே விலை கூடுதல் என்பதால், சனிக்கிழமையே அரிசி, முட்டை, வெங்காயம் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் வாங்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. வேறு பானங்கள் வாங்கினால் பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் டின்களுக்கும் தலா 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். காலியானதும் அவற்றை நசுக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டு, முன்பணத்துக்கு ஈடாக வரும் சீட்டை அன்றைய கணக்கிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.