குகைக்குள்ள கொண்டு போக தலையில கட்டுற இந்த ஹெட்லைட் சரிவருமோ?

திருகோணமலையில கரண்ட் போனா பாவிக்க, ராவில மீன் பிடிக்க எண்டு வாங்கின ஹெட்லைட்டோட வவுல்பனை மாதிரி தண்ணி ஓடுற சுண்ணாம்புக் குகைக்குள்ள இறங்காதேங்கோ, முதல்ல வடிவா சோதிச்சுப் பாருங்கோ.

பெட்டியில தண்ணி தாங்கிற தரக்குறி ஐபிஎக்ஸ்4 எண்டிருந்தா தெறிக்கிற தண்ணிக்கு மட்டுந்தான், ஐபிஎக்ஸ்7 எண்டா 1 மீற்றர் ஆழத்தில 30 நிமிசம் தாங்கோணும், குகைக்கு அதுதான் நல்லம். வீட்ட வாளித் தண்ணிக்குள்ள அரை மணித்தியாலம் போட்டு எடுத்து, வெளிப்பக்கம் துடைச்சிட்டு பற்றறி மூடியத் திறந்து பாருங்கோ, உள்ள ஈரம் கண்டா அது வேண்டாம்.

லூமன் எண்டுற வெளிச்ச அளவுக் கணக்க மட்டும் நம்பாதேங்கோ. எஃப்எல்1 எண்ட லைட் சோதனைத் தர முத்திரையோட போடுற எரியிற நேரம், வெளிச்சம் தொடக்கத்தில இருந்ததில 10 வீதத்துக்கு இறங்கும் வரைக்குமான கணக்கு, அந்தக் கடைசி வெளிச்சத்தில வழுக்குற கல்லில கால் வைக்கேலாது, அதால புல்லா சார்ஜ் ஏத்தி ராவில எரியவிட்டு எத்தினை மணித்தியாலத்தில மங்குதெண்டு நீங்களே எழுதி வையுங்கோ.

காலடியில விரிஞ்சு விழுற வெளிச்சமும் வேணும், தூரத்துக்குக் கூரா அடிக்கிறதும் வேணும். ஹெல்மெட்டில ஆடாம நிக்கோணும், சேறு பிடிச்ச கிளவுஸோட சுவிட்ச அமத்த ஏலோணும்.

எவ்வளவு நல்ல லைட்டெண்டாலும் ஒண்ட மட்டும் நம்பிப் போகாதேங்கோ, ஆளுக்கு 3 லைட், பற்றறியும் மேலதிகமா.