மருந்துச் சோதனைக்கான தோலை ஆய்வகத்தில் வளர்க்கும் முறை

பூசுமருந்து ஒன்று தோலில் எரிச்சல் உண்டாக்குமா என்பதை அறிய, 1944இல் அமெரிக்க நச்சியல் அறிஞர் ட்ரெய்ஸ் வகுத்த முறைப்படி முயலின் முடியை மழித்துப் பூசிப் பார்ப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1975இல் ரைன்வால்ட், கிரீன் என்னும் ஆய்வாளர்கள் மேற்தோலின் முக்கியச் செல்களான மனிதக் கெரட்டினோசைட்டுகளைத் தட்டில் பெருக்கிக் காட்டிய பிறகு, அந்தக் கேள்வியை மனிதச் செல்களிடமே கேட்க வழி பிறந்தது.

செல்களைப் பெரும்பாலும் சுன்னத்து அறுவையிலோ ஒட்டறுவையிலோ நீக்கப்படும் தோலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். தோலுக்கு உரியவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கைக்கு வரும்முன் தோலைத் தொடவே கூடாது. கெரட்டினோசைட்டுகளைக் கால்சியம் குறைந்த ஊடகத்தில், அதாவது செல்களுக்கான ஊட்டக் கரைசலில், பெருக்க வேண்டும். கால்சியம் கூடினால் அவை பெருகுவதை நிறுத்தி முதிரத் தொடங்கிவிடும். பலமுறை பிரித்து வளர்த்த செல்கள் நல்ல அடுக்குகளைத் தருவதில்லை என்பதால், தொடக்கத் தலைமுறைச் செல்களையே பயன்படுத்துவது நல்லது.

முதலில் உள்தோல். எலிவாலிலிருந்து எடுத்து அமிலத்தில் கரைத்த கொலாஜன் என்ற புரதத்தைப் பனிக்கட்டியின் மேல் வைத்தே கையாண்டு, செறிந்த ஊடகத்துடன் கலந்து, அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் ஃபீனால் ரெட் சாயம் மஞ்சளிலிருந்து வெளிர்சிவப்பாகும் வரை சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். உடனே உள்தோலின் செல்களான ஃபைப்ரோபிளாஸ்டுகளைக் கலந்து, நுண்துளைச் சவ்வு கொண்ட கிண்ணத்தில் குமிழி விழாமல் ஊற்றி, 37 டிகிரி இன்குபேட்டரில் உறைய விட வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்டுகள் கொலாஜனை இழுத்துச் சுருக்கும் இயல்புடையவை. ஆகவே கூழ் விளிம்பிலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அதன்மேல் கெரட்டினோசைட்டுகளை விதைக்க வேண்டும். இடைவெளி இருந்தால், பூசும் மருந்து தோலின் வழியாகச் செல்லாமல் ஓரமாக வழிந்து கீழே போய்விடும்.

இரண்டு மூன்று நாள் ஊடகத்தில் மூழ்கியிருந்து செல்கள் ஒரே பரப்பாகச் சேர்ந்ததும், மேலிருக்கும் ஊடகத்தை முழுவதும் உறிஞ்சிவிட்டு, மேற்பரப்பைக் காற்றில் விட வேண்டும். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். கீழிருந்து மட்டும் ஊட்டம் கிடைக்க, மேலே காற்றுப் படும்போதுதான் செல்கள் அடுக்கடுக்காக எழும்பி, உச்சியில் இறந்த செல்களாலான கொம்புப் படலமாக இறுகுகின்றன. கால்சியமும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்ந்த ஊடகத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றியபடி, சுமார் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மேற்பரப்பில் ஈரம் மினுங்கினால் ஊடகம் மேலேறிவிட்டது என்று பொருள். அந்தத் தோலில் சோதனை செய்வது வீண்.

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு தோலை வெட்டிச் சாயமேற்றி, அடித்தள அடுக்கு முதல் கொம்புப் படலம் வரை அனைத்தும் உள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தடுப்புத் திறனைத் தனியே சோதிக்க வேண்டும்: செல்களைக் கொல்லும் ட்ரைட்டன் எக்ஸ்-100 என்ற சலவைப்பொருள் கரைசலைப் பூசி, பாதிச் செல்கள் இறக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கிடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருந்தும் இந்தச் சோதனையில் தோற்கும் தொகுதியைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். கசியும் தோல், தீங்கற்ற மருந்தின் மீதும் பழி சுமத்தும்.

எரிச்சல் சோதனைக்கு, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2010இல் ஏற்ற 439ஆம் வழிகாட்டியைப் பின்பற்றலாம். ஆனால் அது மேற்தோல் மட்டும் கொண்ட, சரிபார்க்கப்பட்ட மாதிரிகளுக்கானது. நீங்களே வளர்த்த முழுத்தோலில் கிடைக்கும் முடிவு உங்கள் ஆய்வுக்கு உதவுமே தவிர, ஒழுங்குமுறை அமைப்பின் முன் தானாகவே சான்றாகிவிடாது. மருந்தைக் குறைந்தது மூன்று தோல்களில் பூசி, குறித்த நேரத்தில் கழுவி, 42 மணி நேரம் வளரவிட்டு, உயிருள்ள செல்கள் ஊதாவாக்கும் எம்டிடி சாயத்தால் உயிர்த்திறனை அளக்க வேண்டும். உப்புத் தாங்கல் கரைசல் பூசிய தோலோடு ஒப்பிட்டு, உயிர்த்திறன் 50 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் அது எரிச்சலூட்டும் பொருள். எரிச்சலூட்டும் என்று ஏற்கெனவே தெரிந்த சலவைப்பொருளான எஸ்டிஎஸ்ஸின் 5 சதவீதக் கரைசலைப் பூசிய தோலில் செல்கள் இறக்கவில்லை என்றால் அன்றைய சோதனை முழுவதுமே செல்லாது.

எம்டிடி ஏமாற்றக்கூடியது. சில மருந்துகள் செல்லின் உதவியில்லாமலே அதை ஊதாவாக்கிவிடும்; அப்போது இறந்த தோலும் உயிருள்ளதாகத் தெரியும். ஆகவே தோலில் பூசும்முன் மருந்தையும் எம்டிடியையும் வெறும் குப்பியில் கலந்து பாருங்கள். ஊதா நிறம் வந்தால், உறையவைத்துக் கொன்ற தோலிலும் அதே மருந்தைப் பூசி, அங்கே கிடைக்கும் அளவைக் கழித்துவிட வேண்டும்.

இந்தத் தோலில் இரத்த நாளமோ மயிர்க்காலோ இல்லை. தனியே சேர்க்காவிட்டால் நோயெதிர்ப்புச் செல்களும் இருக்காது. இயற்கைத் தோலைவிட எளிதில் பொருள்களை உள்ளே விடும் என்பதால், மருந்து எவ்வளவு ஊடுருவும் என்ற எண்ணை இதிலிருந்து நேரடியாக எடுக்காமல், அறுவையில் கிடைத்த மனிதத் தோலில் அளந்த பிறகே எழுத வேண்டும்.