லாஸ் வேகாஸ் செய்திகளும் நாம் செய்யும் தவறுகளும்

ஜனவரி பிறந்ததும் லாஸ் வேகாஸிலிருந்து செய்திகள் கொட்டத் தொடங்கிவிடும். சுருட்டி வைக்கிற டிவி, வீட்டில் உருண்டு திரியும் ரோபோ, பறக்கப்போகிறது என்று சொல்லப்படும் கார். எல்லாம் அங்கே வருடாவருடம் நடக்கும் சி.இ.எஸ். என்ற மின்னணு, தொழில்நுட்பக் கண்காட்சியின் தயவு. அதைப் படிக்கிற நாமும் சரி, அங்கே ஸ்டால் போட ஆசைப்படும் சிறு நிறுவனங்களும் சரி, முப்பது வருடத்துக்கு முந்தைய கண்காட்சியையே இன்னும் மனதில் வைத்திருக்கிறோம். தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

காட்டியதெல்லாம் கடைக்கு வந்துவிடும் என்று நம்புவது முதல் தவறு. எல்ஜியின் சுருட்டும் டிவி 2019-ல் அங்கே மேடையேறியது. கொரியாவில் விற்பனைக்கு வந்தது 2020 அக்டோபரில். விலை 10 கோடி வோன், அதாவது சுமார் 87,000 டாலர். சாம்சங்கின் 'பாலி' என்ற உருண்டை ரோபோ 2020-ல் வந்தது, 2024-ல் ப்ரொஜெக்டர் சகிதம் மறுபடியும் வந்தது. இவை விற்பதற்காகக் காட்டப்படுபவை அல்ல. "எங்களால் இது முடியும்" என்று கூட்டாளிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் சொல்வதற்காக.

'புத்தாக்க விருது பெற்றது' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் மயங்குவது இன்னொன்று. சி.இ.எஸ். விருதுக்கு நிறுவனங்களே கட்டணம் கட்டி விண்ணப்பிக்கின்றன. அனுப்பிய விவரக் குறிப்புகளைப் படித்துத்தான் நடுவர்கள் முடிவு செய்கிறார்கள். பொருளை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை என்று அமைப்பாளர்களே சிறிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். நாம்தான் அந்தச் சிறிய எழுத்தைப் படிப்பதில்லை.

அப்புறம், இது டெல்லி அப்பளம் தின்றுகொண்டே சுற்றிப் பார்க்கிற பொருட்காட்சி அல்ல. தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி.

பெரிய அறிவிப்பு என்றால் கண்காட்சியில்தான் வரும் என்று காத்திருப்பது, காலம் கடந்த பழக்கம். ஒரு காலத்தில் அது உண்மை. 2001-ல் எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் கருவியை மைக்ரோசாஃப்ட்டின் பில் கேட்ஸ் சி.இ.எஸ். மேடையில்தான் காட்டினார். ஆனால் 2007 ஜனவரி 9 அன்று லாஸ் வேகாஸில் கண்காட்சி நடந்துகொண்டிருக்க, உலகம் திரும்பிப் பார்த்தது சான் பிரான்சிஸ்கோவை. ஆப்பிள் அங்கே மேக்வேர்ல்ட் என்ற, தன் கணினிகளுக்கான கண்காட்சியில் ஐபோனை அறிமுகம் செய்தது. 2009-க்குப் பிறகு அந்த மேக்வேர்ல்டையும் ஆப்பிள் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2012-உடன் சி.இ.எஸ். மேடைக்கு விடை கொடுத்தது. காரணம் எளிது: ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் ஒரே வாரத்தில் கத்தும்போது யார் குரல் கேட்கும்? சொந்த அரங்கில், சொந்தத் தேதியில், நேரலையில் பேசினால் மேடை முழுக்க உங்களுடையது. வீடியோ கேம் உலகில் இதன் விளைவு இன்னும் கடுமை. நிண்டெண்டோ 2013-லேயே இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியின் பெரிய மேடையை விட்டு இணைய ஒளிபரப்புக்குப் போனது, சோனி 2019-ல் வரவே இல்லை, 2023 டிசம்பரில் இ3 நிரந்தரமாக மூடப்பட்டது.

கூட்டத்தை எண்ணி மார்க் போடுவதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் தவறு. ஜெர்மனியின் ஹனோவரில் நடந்த செபிட் என்ற கணினித் தொழில்நுட்பக் கண்காட்சிக்கு 2001-ல் எட்டு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள். அதில் பொருள் வாங்கும் அதிகாரம் உள்ளவர்கள் எத்தனை பேர், இலவசப் பைகளுக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் ஸ்டால் வாடகை கட்டியவர்களின் கவலை. 2017-ல் எண்ணிக்கை சுமார் இரண்டு லட்சமாகக் குறைந்தது. மறுவருடம் மார்ச்சிலிருந்து ஜூனுக்கு மாற்றி, ராட்டினமும் பாட்டுக் கச்சேரியும் வைத்து, திருவிழாவாக்கிப் பார்த்தார்கள். 1.2 லட்சம் பேர் வந்தார்கள். அந்த நவம்பரிலேயே மூடுவிழா அறிவிப்பும் வந்தது. லாஸ் வேகாஸின் காம்டெக்ஸ் என்ற கணினிக் கண்காட்சியின் கதையும் இதேதான். உச்சத்தில் இரண்டு லட்சம் பேரை இழுத்த கண்காட்சி 2003-க்குப் பிறகு நடக்கவில்லை.

சரி, அப்படியானால் எல்லாமே செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது எதிர்ப்பக்கத் தவறு. 2021-ல் சி.இ.எஸ். முழுக்க இணையத்தில் நடந்தபோது பலரும் அப்படித்தான் எழுதினார்கள். 2024-ல் 1.38 லட்சம் பேர் நேரில் வந்தார்கள். 2020-ஐவிடக் குறைவுதான், ஆனால் மேடையில் யார் என்று பாருங்கள். 2020-ல் டெல்டா விமான நிறுவனம், 2023-ல் டிராக்டர் செய்யும் ஜான் டீர், 2024-ல் அழகுசாதனப் பொருள் செய்யும் லோரியல். சென்சாரும் சிப்பும் மென்பொருளும் எல்லாத் தொழிலுக்கும் தேவைப்படுகிற காலத்தில், கண்காட்சி டிவி விற்பவர்களின் சந்தையாக இல்லாமல், அவற்றைத் தேடி வருபவர்களின் சந்தையாகிவிட்டது. பேரங்கள் நடப்பது பெரும்பாலும் ஹோட்டல் அறைகளில், கேமராக்கள் இல்லாத இடத்தில்.

இதைப் புரிந்துகொள்ளாமல் போகும் சிறு நிறுவனங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். ஸ்டார்ட்அப்களுக்கென்றே 2012-ல் தொடங்கிய யுரேகா பார்க் பகுதியில் சின்னச் சின்ன மேசைகள் வரிசை வரிசையாக இருக்கும். அங்கே பேனரிலும் எல்இடி விளக்கிலும் பணத்தைக் கொட்டிவிட்டு, யாராவது வருவார்கள் என்று நின்றால் மாணவர்களும் போட்டியாளர்களும்தான் வருவார்கள். இருப்பதோ நான்கு நாள். யாரைச் சந்திக்க வேண்டுமோ அவர்களின் நேரம் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே நிரம்பிவிடும். பேனர் டிசைனை டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம். சந்திப்பு கேட்கும் மின்னஞ்சல் அக்டோபரிலேயே போயிருக்க வேண்டும்.